அசுசேனாவும் ஏலமலைச் சோசம்மாவும்

வினா

ஸ்பானிய மொழி வழங்கும் தேசங்களில் பெண்மக்களுக்கு இடப்படும் மலர்ப் பெயர்களுள் 'அசுசேனா' என்பது பழமையாலும் ஓசை இனிமையாலும் பிரசித்தி பெற்றது. பெயர்களுக்குப் பொருள் கூறும் கையேடுகள் இதற்கு 'வெள்ளை லில்லி மலர்' என்றும், அதன் வழியே 'தூய்மை' என்றும் சுருங்க விடை கூறி அமைந்துவிடுகின்றன. விடை பிழையன்று. எனினும், ஒரு பெயரின் பொருள் என்பது அதன் வேர்ச்சொல்லா, அது சுட்டும் செடியா, அல்லது குழந்தையைத் தொட்டிலில் இட்டு அப்பெயரைக் கூறியவர்களின் உள்ளத்திலிருந்த பக்தியா என்னும் அடிப்படை வினாவை அது தொடவேயில்லை. இம்மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து வெவ்வேறு திசைகளில் பிரயாணம் செய்திருப்பதை அசுசேனாவின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது.

போடிநாயக்கனூரிலும், அதற்கு மேற்கே போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏறிப் பரந்து கிடக்கும் ஏலமலைச் சரிவுகளிலும் வாழ்வோருக்கு இந்த ஆராய்ச்சியோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இரு வகையில் உண்டு. அசுசேனாவோடு ஒரே வேரில் பிறந்த சகோதரிப் பெயர் ஒன்று இம்மலைகளில் நெடுநாளாக வழங்கிவருகிறது. அன்றியும், இம்மலைகளின் ஜீவாதாரமான ஏலக்காய் கடல்கடந்து சென்று, அசுசேனாக்கள் வாழும் ஒரு ஸ்பானிய தேசத்தில் வேரூன்றி, இன்று உலகச் சந்தையில் நம் காயோடு போட்டியிட்டுக்கொண்டிருக்கிறது.

சொல் வந்த வழி

அசுசேனா லத்தீன் சொல் அன்று என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஸ்பானியச் சொற்களுட் பெரும்பாலன லத்தீன் வழித்தோன்றல்களே ஆயினும், 711-இல் முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்தில் இறங்கியது முதல் 1492-இல் கிரானடா வீழ்ந்தது வரையில், அரபு மொழி அந்நாட்டின் அரண்மனைகளிலும் கழனிகளிலும் பூந்தோட்டங்களிலும் வழங்கிவந்தமையால், நீர்ப்பாசனம், தோட்டக்கலை, உணவு ஆகிய துறைகளைச் சேர்ந்த சொற்கள் பல அரபிலிருந்தே ஸ்பானியத்துக்கு வந்து சேர்ந்தன. 'சூசன்' என்ற அரபுச் சொல்லின் முன்னே 'அல்' என்னும் முன்னொட்டு வந்து, 'அஸ்' எனத் திரிந்து ஒட்டிக்கொள்ள, ஆந்தலூசிய மக்களின் வாயில் அது 'அஸ்ஸுசானா' ஆகிப் பின் அசுசேனா ஆயிற்று. சீனியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லாகிய 'அசூகர்' என்பதும் இதே முறையில் அரபு முன்னொட்டோடு வந்ததுதான். அதன் மூலமோ ஸம்ஸ்கிருதத்துச் 'சர்க்கரா'. நாம் அன்றாடம் சொல்லும் சர்க்கரையும் ஸ்பெயினின் அசூகரும் ஒரு குடும்பத்தவை.

சூசனுக்கு முற்பட்டதாகப் பாரசீகத்தில் 'சோசன்' என்னும் சொல் உண்டு. எபிரேயத்தில் 'ஷோஷன்னா' உண்டு. இவை யாவற்றுக்கும் முன்னே, நைல் நதியில் பூக்கும் நீர்மலரைக் குறித்த 'செஷென்' என்ற பண்டை எகிப்தியச் சொல் நிற்கிறது என்பது அறிஞர் பலரும் ஏற்ற கொள்கை. எகிப்தியர் சித்திரங்களிலும் தூண்தலைப்புகளிலும் ஓயாது தீட்டிய மலர் அது. தாமரை என்று அதை வழக்கில் சொன்னாலும், தாவர நூலோர் கணக்கில் அது ஆம்பல், குவளை இனத்தைச் சேர்ந்ததேயாகும்.

எபிரேயக் கிளையிலிருந்து 'சூசன்னா' என்ற பெண்பெயர் தோன்றியது. தானியேல் ஆகமத்தோடு சேர்த்துக் கத்தோலிக்கர் வாசிக்கும் வரலாற்றில், பொய்ப்பழி சுமத்தப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அது. லூக்காவின் சுவிசேஷத்தில் இயேசுவுக்குப் பணிவிடை செய்த மகளிருள் ஒருத்தியும் சூசன்னாள் எனப்படுகிறாள். இப்பெயர் மேற்கே சென்று சூசன், சூசானா என்றெல்லாம் ஆயிற்று. கிழக்கே வந்த கிளையே நமக்கு முக்கியமானது. மலையாள தேசத்துச் சுரியானி கிறிஸ்தவரிடையே அது 'சோசா' என்றும், 'அம்மா' என்னும் மரியாதை விகுதி ஏற்றுச் 'சோசம்மா' என்றும் வழங்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உணவுப் பஞ்சத்தை ஒட்டியும் அரசாங்கக் குடியேற்றத் திட்டங்களை ஒட்டியும் மத்திய திருவிதாங்கூரின் குடும்பங்கள் பல உயர்மலைப் பகுதிக்கு வந்து காடு திருத்திக் குடியமர்ந்தபோது, அவர்களோடு சோசம்மா என்ற பெயரும் ஏலமலைக்கு வந்தது. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மெட்டுக்கு மேலே காய் எடுக்கப் போகும் தமிழ்ப் பெண்களுக்கு அது அந்நியப் பெயரன்று. ஒரே எகிப்திய நீர்மலரின் பெயர், அரபுத் தோட்டக்காரர் வாய்வழியே செவில் நகரை அடைந்து அசுசேனா ஆகவும், வேதாகமத்தின் வழியே மலையாளக் கரையை அடைந்து சோசம்மா ஆகவும் நேர்ந்த இந்தச் சரித்திரம், இக்கட்டுரைக்குரிய செய்திகளுள் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியதென்று சொல்வேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஓசை ஒத்திருப்பதையே ஆதாரமாகக் கொண்டு உறவு கற்பிப்பது பெயராராய்ச்சியில் எளிதாக நேரும் மயக்கம். தமிழ்க் கத்தோலிக்கரின் 'சூசை' சூசன்னாவுக்கு உறவன்று; அது யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் போர்த்துக்கீசியர் மூலமாக நம்மிடம் வந்தடைந்த வடிவம். அவ்வாறே, தமிழ் வேதாகமத்தின் உன்னதப்பாட்டில் வரும் 'லீலிபுஷ்பம்' விளையாட்டைக் குறிக்கும் 'லீலா' என்ற வடசொல்லோடு எவ்விதத் தொடர்பும் உடையதன்று.

மலர் மாறிய விதம்

சொல் இவ்வாறு நடந்துவர, அது சுட்டிய மலர் வழிதோறும் மாறிக்கொண்டே வந்தது. எகிப்தில் அது நீர்மலர். எபிரேயரின் ஷோஷன்னா எந்த மலர் என்பதில் வியாக்கியானகாரர்கள் உடன்படவில்லை. நீராம்பல் என்பாரும் உண்டு, நிலத்து லில்லி என்பாரும் உண்டு. அரபியரும் பாரசீகரும் லில்லியையும் கருவிழி போன்ற நீல ஐரிஸ் மலரையும் சூசன் என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள். ஸ்பெயினில் அது வெள்ளை லில்லியாக நிலைபெற்றது. 1753-இல் லின்னேயஸ் 'லிலியம் காண்டிடம்' என்று பெயரிட்ட செடி அதுவே.

ஆயினும் அங்கும் பிரயாணம் முடியவில்லை. 1565 முதல் 1898 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸ் தீவுகளில் அசுசேனா என்று சொன்னால் மக்கள் வெள்ளை லில்லியை நினைப்பதில்லை. மெக்ஸிகோவைத் தாயகமாகக் கொண்டு இரவில் மணம் வீசும் வேறொரு வெள்ளைப் பூவையே நினைக்கிறார்கள். அந்தப் பூ வேறெதுவுமன்று, திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைச் சந்தையில் கூடை கூடையாக வந்து இறங்குவதும், போடியிலும் தேனியிலும் கல்யாண மாலைகளில் நெருக்கித் தொடுக்கப்படுவதுமான நம்முடைய சம்பங்கியே.

சம்பங்கி என்பதும் இரவல் பெயர்தான். தெலுங்கில் 'சம்பங்கி' இன்றும் செண்பகத்தைக் குறிக்கும். கன்னடத்துச் 'சம்பிகெ'யும் அதுவே. இவை யாவும் 'சம்பக' என்னும் வடசொல்லோடு தொடர்புடையவை. மெக்ஸிகோவின் பூ தமிழ்நாட்டுக்கு வந்தபோது, வானுற வளரும் செண்பக மரத்தினின்றும் வேறு பிரித்துக் காட்ட 'நிலச்சம்பங்கி' எனப்பட்டது. பிறகு அடைமொழி உதிர்ந்து, பெயர் முழுவதும் புதிய பூவுக்கே உரிமையாயிற்று. புதிதாக வந்த ஒரு நறுமலருக்கு, மணிலாவில் தங்கள் தேவாலயத்தின் வணக்கத்துக்குரிய மலர்ப் பெயரையும், தமிழகத்தில் தங்கள் கோயிலின் வணக்கத்துக்குரிய மலர்ப் பெயரையும், ஒருவரையொருவர் அறியாத இரு ஜனசமூகங்கள் எடுத்துக் கொடுத்திருக்கின்றன. பெயரில் நிலைத்து நிற்பது செடியன்று, செடி பெற்றிருந்த மதிப்பே என்று நான் கொள்வதற்கு இது முதற் பிரமாணம்.

நம் நாட்டில் உண்மையான லில்லி இல்லையோ எனில், உண்டு. நீலகிரியிலும் பழனி மலைகளிலும் உயர்ந்த புல்வெளிச் சரிவுகளில் நீண்ட குழல் போன்ற வெள்ளைப் பூவை மலர்த்தும் நீலகிரி லில்லி, ஸ்பெயினின் அசுசேனாவுக்கு நேரான இனத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் பூக்கும் அம்மலரின் பெயரால் அழைக்கப்பட்ட தமிழ்ப் பெண் எவளையும் நான் கேள்விப்பட்டதில்லை. அசுசேனாவின் வேருக்கு நேரான தமிழ்ப் பெயர் வேண்டுமாயின், ஆம்பலைக் குறிக்கும் குமுதத்திலிருந்து பிறந்த 'குமுதவல்லி'யையே கூற வேண்டும். திருமங்கையாழ்வாரைத் திருமாலடியாராக்கிய பத்தினி என்று வைஷ்ணவ குருபரம்பரை போற்றும் பெயர் அது. மலருக்கு நேரான பெயர் வழக்கில் இல்லை. வேருக்கு நேரான பெயர் ஆயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது.

பக்தியில் விளைந்த பொருள்

கையேடுகள் கூறும் 'தூய்மை' என்ற பொருள் எகிப்திய வேரில் இல்லை. அரபுச் சூசனிலும் இல்லை. அது கன்னி மரியாளின் வழிபாட்டில் விளைந்தது. தேவதூதன் மரியாளுக்கு மங்கள வார்த்தை உரைக்கும் காட்சியை இடைக்கால ஓவியர்கள் தீட்டியபோதெல்லாம், தூதனின் கையிலோ இருவருக்கும் நடுவில் வைத்த ஜாடியிலோ வெள்ளை லில்லியை எழுதினார்கள். ஸ்பெயினில் இந்த ஜாடி தனிச் சின்னமாகவே வளர்ந்தது. பின்னர் அரகான் நாட்டு மன்னரான அந்தெகேராவின் ஃபெர்னாந்தோ 1403-இல் நிறுவிய வீரர் குழு, அசுசேனாக்கள் செருகிய ஜாடியையே தன் சின்னமாகக் கொண்டது.

திருமுழுக்கில் குழந்தைக்கு அர்ச்சிஷ்டர் ஒருவரின் நாமம் சூட்டப்பட வேண்டும் என்று 1566-இல் வெளிவந்த உரோமை ஞானோபதேசம் அறிவுறுத்திற்று. கிறிஸ்தவ நாமம் சூட்டுவதைப் பங்குக் குருக்கள் கவனிக்க வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் விதித்தது. அசுசேனா என்ற பெயரில் ஆதி அர்ச்சிஷ்டை எவரும் இல்லாதிருந்தும் அது தேவாலய வாயிலைத் தாண்டி உள்ளே சென்றமைக்குக் காரணம், அம்மலர் மரியாளின் மலர் என்ற நம்பிக்கையே என்பது என் முடிபு. 'மரியா அசுசேனா' என்று இரு பெயரும் இணைந்து வரும் வழக்கம் இதற்குச் சாட்சி. ரோசாரியோ, பிலார், ரோசியோ முதலிய ஸ்பானியப் பெண்பெயர்களும் இவ்வாறே தேவமாதாவின் திருநாமங்கள் வழியாகப் பெண்களை அடைந்தவை.

இவற்றுள் ரோசாரியோ நம்மைச் சேர்ந்த பெயர் என்றே சொல்லலாம். ரோஜா மலர்களின் தொகுதி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஜெபமாலைக்கு அப்பெயர் வந்தது. ஸ்பெயினில் அது பெண்ணின் பெயர். முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றோரிடையே 'ரொசாரியோ' குடும்பப் பெயராகத் தங்கிற்று. தமிழாக்கி 'செபமாலை' என்று பிள்ளைகளுக்கு இட்டவர்களும் உண்டு. தமிழில் ரோஜா மறைந்துவிட்டது. தெய்வத்துக்குச் சாத்தும் மாலை எஞ்சிற்று. பூவைத் தனியே எண்ணாமல் தொடுத்த மாலையாக எண்ணும் நம் வழிபாட்டு மரபு இந்த மொழிபெயர்ப்பில் தன்னை அறியாமலே வெளிப்பட்டிருக்கிறது.

அசுசேனா என்ற சொல் தமிழகத்துக்கு வரவில்லையாயினும் அந்த மலரின் உருவம் வந்துவிட்டது. தமிழகத்துக் கத்தோலிக்கத் தேவாலயங்களில் சூசையப்பர் சுரூபத்தின் கையில் பூத்த கோலும், பதுவை அந்தோணியார் சுரூபத்தின் கையில் வெள்ளை லில்லிக் கொத்தும் இருப்பதை யாரும் காணலாம். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் முன் மெழுகுவர்த்தி ஏற்றும் மக்களுள் உயிருள்ள லில்லியைக் கண்டிராதவர்கள் பலர் இருக்கக்கூடும். இருந்தும் லில்லி, லில்லி மேரி, லில்லி புஷ்பம் என்று தம் மக்களுக்குப் பெயரிட அவர்களுக்குத் தடை ஏதும் இருந்ததில்லை. செடியைக் காணாமலே பெயரைச் சூட்ட அந்தச் சுரூபமே போதுமானதாயிற்று.

இந்து சமூகத்தில் இதற்கு நேராக நிற்பது செண்பகவல்லி. செண்பகம் இம்மேற்குமலை ஈரக்காடுகளுக்கு உரிய மரம். அதன் பொன்னிற மலரின் மணத்தை அறியாத மலைவாசிகள் இல்லை. எனினும், தென் மாவட்டங்களில் செண்பகவல்லி, செண்பகம் என்று பெயர் பூண்ட பெண்கள் நிறைந்திருப்பதற்கு மரத்தைக் காட்டிலும் பெரிய காரணம், கோவில்பட்டியில் பூவனநாதரோடு எழுந்தருளியிருக்கும் செண்பகவல்லி அம்மனின் கீர்த்தியே. மலர் தெய்வத்தை அலங்கரித்து, தெய்வத்தின் நாமமாகி, பிறகே மகளின் பெயராகிறது. ஸ்பெயினிலும் தென்பாண்டி நாட்டிலும் வழி இதுவாகவே இருந்திருக்கிறது.

தூய்மை என்னும் பாரம்

பக்தி தந்த பொருள் பெண்களுக்குப் பெருமையாக மட்டும் இருந்ததா என்பதையும் நேர்மையாக ஆராய வேண்டும். இன்றைய எக்வடோரின் தலைநகரான கீட்டோவில் 1618-இல் பிறந்த மரியானா தெ ஹெசூஸ் கடுந்தவம் புரிந்தவர். 1645-இல் நிலநடுக்கமும் கொள்ளைநோயும் நகரைத் தாக்கியபோது, மக்களுக்குப் பதிலாகத் தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை வேண்டி, அவ்வாண்டிலேயே இருபத்தாறு வயதில் மரித்தார். அவருடைய உதிரம் ஊற்றப்பட்ட மண்ணில் அசுசேனா முளைத்ததென்பது ஐதீகம். 'கீட்டோவின் அசுசேனா' என்று அழைக்கப்படும் அவருக்கு 1950-இல் அர்ச்சிஷ்டப் பட்டம் கிடைத்தது. அவருடைய தியாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், உடலை வருத்தி இளமையில் மடிந்த ஒரு வாழ்வை மலரின் வெண்மையோடு பொருத்தி, அதையே பெண்மைக்கு ஆதர்சமாக நிறுத்திய காலத்தின் கடுமை என் உள்ளத்தை உறுத்துகிறது.

இதற்கு நேர்மாறான அசுசேனா ஒருத்தி ஸ்பானிய நாடக மேடையிலேயே தோன்றினாள். அந்தோனியோ கார்சியா குத்தியெர்ரெஸ் எழுதி 1836-இல் மாத்ரிதில் அரங்கேறிய 'எல் த்ரொவாதோர்' நாடகத்திலும், அதைத் தழுவி வெர்தி இசையமைத்து 1853-இல் உரோமையில் மேடையேறிய இசை நாடகத்திலும், அசுசேனா என்பவள் தாயை நெருப்புக்குப் பறிகொடுத்த நாடோடிப் பெண். பழிவாங்கும் ஆவேசத்தில் பகைவன் குழந்தையென்று மயங்கித் தன் குழந்தையையே தீயில் இட்டவள். வஞ்சினமும் தாய்மைத் துயரமும் கலந்த அப்பாத்திரத்துக்கு ஆசிரியர் வெண்மலரின் பெயரை வைத்தது, தூய்மை என்ற ஒற்றைப் பொருளுக்குள் அப்பெயரை அடைத்துவிட முடியாது என்பதைக் காட்டப் போதுமான சான்று. கையேடுகள் கீட்டோவின் அசுசேனாவைக் கண்டன, இவளைக் காணவில்லை.

தெய்வத்தை அண்டாத மலர்கள்

மலர்ப் பெயர் தெய்வத்தின் வழியாகவே பெண்ணை அடைகிறது என்ற என் முடிபுக்கு எதிரான சான்றுகளும் உண்டு. அவற்றை மறைப்பது முறையாகாது. கொழுக்குமலை முதலாக இவ்வட்டாரத்து உயர்ந்த சரிவுகளை 2018-இல் நீலமாக்கிய குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. முருகனோடு அதற்கு உறவு உண்டு. கோடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவருக்கு ஆலயமும் உண்டு. ஆனால் இன்று ஒரு பெண்குழந்தைக்குக் குறிஞ்சி என்று பெயரிடும் பெற்றோர் பெரும்பாலும் ஆலயத்தை நினைத்து இடுவதில்லை. சங்கச் செய்யுட்கள் அச்சேறியதும், 1916-ஐ ஒட்டி மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் உணர்ச்சியும், கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிய குறிஞ்சிப்பாட்டைப் பள்ளி மாணவரும் அறிந்ததும் சேர்ந்து ஆக்கிய பெயர் அது. முல்லை, மலர்விழி, தாமரைச்செல்வி ஆகியனவும் இந்த அலையில் வந்தவை. இங்கே தெய்வத்தின் இடத்தை மொழி எடுத்துக்கொண்டது.

ஸ்பானிய உலகிலும் வியோலெத்தா, கமேலியா, தாலியா என்று, தேவமாதாவின் சார்பு இல்லாத பிற்கால மலர்ப் பெயர்கள் எழுந்தன. மலைத் தோட்டங்களில் நாம் டேலியா என்று வளர்க்கும் பூவே தாலியா. மெக்ஸிகோவின் பழங்குடியினர் தம் மொழியில் வேறு பெயர் கூறிவந்த அச்செடிக்கு, மாத்ரிதில் இருந்த கவனில்லேஸ் என்னும் தாவர நூலார் 1791-இல், மறைந்த ஸ்வீடன் தேசத்து அந்தர்ஸ் தால் என்ற அறிஞரின் நினைவாகப் பெயரிட்டார். ஆகவே தாலியா என்று அழைக்கப்படும் ஸ்பானியப் பெண் உண்மையில் ஒரு ஸ்வீடன் நாட்டு ஆடவரின் குடும்பப் பெயரைப் பூண்டிருக்கிறாள். வேரையே பொருளாகக் கொள்ளும் கையேட்டு முறை இங்கே முற்றிலும் பயனற்றுப் போகிறது.

இரண்டு ஏலமலைகள்

மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவின் ஆல்தா வெராபாஸ் மலைப்பகுதிக்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் ஏலச்செடியைக் கொண்டுசென்றார். மழையும் நிழலும் ஒத்திருந்தமையால் செடி அங்கே செழித்து, அந்நாட்டை உலகின் தலையாய ஏலக்காய் ஏற்றுமதி நாடாக்கிற்று. அரபு நாடுகளின் சந்தை எங்கே சாய்கிறது என்பதைப் பொறுத்துப் போடியின் ஏலத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் இவ்வூர் வியாபாரிகள் நன்கு அறிந்த விஷயம். அம்மலைகளில் கெக்சி மொழி பேசும் மாயா இனத்துக் குடும்பங்கள் காய் எடுக்கின்றன. ரோசா, அசுசேனா, 'ஃப்ளோர் தெ மரியா' முதலியன மத்திய அமெரிக்காவில் பெண்களுக்கு வழங்கும் பெயர்கள். இவற்றுள் கடைசிப் பெயருக்கு மரியாளின் மலர் என்பதே பொருள்.

இரு மலைகளிலும் பெண்கள் குனிந்து காய் எடுப்பது ஒரே செடியில். தட்டையின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில், வெண்மையான இதழும் நடுவே ஊதா வரிகளும் கொண்டு, காலையில் மலர்ந்து ஒரே நாளில் வாடிவிடும் அழகிய பூ ஏலப்பூ. தேனீ அதை நாடாவிட்டால் காய் இல்லை. இரு தேசத்துக்கும் சோறு போடும் அந்த மலரின் பெயரைப் பூண்ட பெண் ஸ்பானியத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. கன்னியின் ஜாடியிலோ அம்மனின் கூந்தலிலோ அப்பூ இடம்பெற்றதில்லை என்பதே இதற்குக் காரணம் என்று எண்ணுகிறேன். பூ பெறாத அந்த இடத்தை ஏலத்தின் வாசனை மட்டும் ஒரு தலத்தில் பெற்றிருக்கிறது: மணம் கமழும் நெடுங்கூந்தலை உடையவள் என்ற பொருளில், காஞ்சி ஏகாம்பரநாதரின் தேவிக்கு 'ஏலவார்குழலி' என்று பெயர். அத்திருநாமத்தைத் தம் பெண்மக்களுக்குச் சூட்டிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு.